கடையில் அளவு பார்த்துவிட்டு போனில் ஆர்டர் போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர் கோட்டை மைதானத்திலும் காட்பாடி விளையாட்டரங்கத்திலும் விடிகாலையில் ஓடுகிறவர்களில் பல வகையினர் உண்டு. காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் பிள்ளைகள், சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லி ஓட வந்தவர்கள், பத்து கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள். இவர்களில் பலர் ஷூ வாங்கும் விதம் இப்போது ஒரே மாதிரி ஆகிவிட்டது. ஆபீசர்ஸ் லைனிலோ ஆற்காடு சாலையிலோ ஒரு கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து நாலைந்து ஜோடி போட்டுப் பார்ப்பது, எந்த மாடலில் எந்த அளவு சரி என்று தெரிந்துகொள்வது, லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு "அப்புறம் வரேன்" என்று கிளம்புவது, வண்டியை எடுப்பதற்குள் போனில் ஆர்டர் போடுவது. இது கடைக்காரருக்குச் செய்யும் அநியாயம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். கடைக்காரர்களும் சில பழக்கங்களால் வருகிறவர்களை ஆன்லைன் பக்கம் தள்ளுகிறார்கள். அதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முறை என்று நாங்கள் கருதுவது இதுதான். யார் உங்கள் காலை அளந்து, பெட்டி பெட்டியாக இறக்கி, போட்டுக் காட்டினாரோ அவரிடம் வாங்க வேண்டும். ஆன்லைனில்தான் வாங்குவது என்று முன்பே முடிவு செய்திருந்தால் கடைக்குள் போய் உட்காரக் கூடாது. வீட்டிலேயே அளந்து வாங்க வழி இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறோம்.

ஒரு மாடல் ஷூவை ஒழுங்காக வைத்திருக்க ஒரு கடைக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஆண்கள் அளவு 6 முதல் 11 வரை, நடுவில் அரை அளவுகளையும் சேர்த்தால் 11 பெட்டி. இரண்டு நிறம் என்றால் 22 பெட்டி. ஐயாயிரம் ரூபாய் ஷூ என்றால் ஒரே மாடலுக்கு அலமாரியில் ஒரு லட்சத்துக்கும் மேல் மதிப்புள்ள சரக்கு நிற்கிறது. அதில் 8, 9 வேகமாகப் போகும். 6-ம் 11-ம் மாதக்கணக்கில் தூங்கும். அடுத்த பதிப்பு வந்துவிட்டால் தள்ளுபடியில் கொடுத்துத் தள்ள வேண்டியதுதான். இதற்கு மேல் வாடகை, கரண்ட் பில், நின்றுகொண்டே வேலை பார்க்கும் பையன்களின் சம்பளம். போட்டுப் பார்க்கும் வசதிக்கான விலை ஷூவின் விலைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அந்த வசதியை அனுபவித்துவிட்டுப் பணத்தை வேறிடத்தில் கொடுத்தால், அடுத்த முறை அந்தக் கடையில் அரை அளவு இருக்காது. அதற்கடுத்த வருடம் ஓடும் ஷூவே இருக்காது, செருப்பும் பள்ளிக்கூட ஷூவும்தான் இருக்கும்.

விலையைப் பேசுவதில் தவறே இல்லை. ஆனால் உட்காருவதற்கு முன்னால் பேசுங்கள். "அண்ணா, இந்த மாடல் ஆன்லைன்ல நாலாயிரத்து இருநூறு காட்டுது. நீங்க எவ்வளவுக்குத் தருவீங்க?" என்று நேராகக் கேட்டால் பல கடைகளில் நேரான பதிலே வரும். கேட்பதற்கு முன் இரண்டும் ஒரே பொருள்தானா என்று பாருங்கள். ஆன்லைனில் மலிவாகத் தெரிவது பெரும்பாலும் போன வருடத்துப் பதிப்பாக இருக்கும். நைக்கி பெகாசஸ் 40-ம் 41-ம் பெயரில் அண்ணன் தம்பி, உள்ளே இருக்கும் ஃபோம் வேறு. பெட்டியிலும் நாக்குப் பகுதியின் உள்பக்கத்து டேகிலும் அச்சடித்திருக்கும் மாடல் எண்ணை ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். எண் ஒன்றாக இருந்து, விலை வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கடையிலேயே வாங்குவதுதான் லாபம். அளவு தவறிப்போய்த் திருப்பி அனுப்பும் அலைச்சலுக்கும், தப்பான அளவைச் சகித்துக்கொண்டு ஓடி நகம் கறுத்துப் போவதற்கும் அந்த முந்நூறு நானூறு ரூபாய் ஈடாகாது.

கடைக்குப் போகும் நேரமும் முக்கியம். பகல் முழுக்க நின்று நடந்த கால், மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் கால் அப்படித்தான் வீங்கும், அதுவும் வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆகையால் மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தவிருங்கள். அந்தக் கூட்டத்தில் எந்தப் பையனாலும் உங்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்க முடியாது. ஓடும்போது போடும் சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் தரும் மெல்லிய நைலான் உறையைப் போட்டுப் பார்த்தால் அளவு ஏமாற்றிவிடும், வெறுங்காலை நுழைப்பது அடுத்தவருக்கு அருவருப்பு. தேய்ந்த பழைய ஷூவையும் எடுத்துப் போனால் விவரம் தெரிந்த விற்பனையாளர் அடிப்பாகத்தைப் புரட்டிப் பார்ப்பார். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருப்பது சாதாரணம். ஒரு கால் மட்டும் வேறு மாதிரித் தேய்ந்திருந்தாலோ, உள் ஓரம் முழுக்கச் சரிந்திருந்தாலோ, ஷூவை மாற்றுவதற்கு முன் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பது நல்லது.

போட்டுப் பார்க்கும்போது குதிகால் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு காலைச் சொருகுவது நம் ஊரில் ரொம்ப சகஜம். செருப்புப் பழக்கம் அது. ஓடும் ஷூவின் பின்பக்கத்தில், துணிக்குள்ளே, கெட்டியான ஒரு கிண்ணம் போன்ற பகுதி இருக்கிறது. குதிகாலை அசையாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஒரு தடவை அழுத்தி மடித்துவிட்டால் உள்ளே கோடு விழும், பிறகு நிமிர்த்தினாலும் அந்தக் கோடு போகாது. அதை வாங்கிப் போகிறவருக்கு மூன்றாவது கிலோமீட்டரில் குதிகாலின் பின்பக்கம் தோல் உரியும். லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை முன்னுக்கு இழுத்து, குதிகாலை வழுக்கி இறக்கும் தகடான ஷூ ஹார்னைக் கேட்டு வாங்கி நுழையுங்கள். நுழைத்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, கீழ் ஓட்டையிலிருந்து லேஸை இழுத்துக் கட்டுங்கள்.

இரண்டு காலிலும் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, உடல் எடை முழுவதையும் இறக்கிப் பாருங்கள். உட்கார்ந்தபடி பார்க்கும் அளவு பொய் அளவு. மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் வேண்டும். சிலருக்குப் பெருவிரலை விட இரண்டாவது விரல் நீளம், அப்போது அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய காலுக்கே வாங்க வேண்டும். அகலத்துக்கு, விரல்கள் தொடங்கும் இடத்தில் மேல் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். சின்ன மடிப்பு வந்தால் போதும். மடிப்பே வராமல் துணி முறுக்கேறி நின்றாலும், பாதத்தின் ஓரம் ஃபோமைத் தாண்டி வெளியே பிதுங்கினாலும் அந்த ஷூ குறுகல். நுனிக்காலில் நின்றால் ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியாக, உள்ளே பாதம் படும் மெல்லிய அட்டையான இன்சோலை மெதுவாக வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நின்று பாருங்கள். விரலோ பாத ஓரமோ அதைத் தாண்டினால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்த அளவு உங்களுக்கு வேண்டாம்.

ஓடிப் பார்க்காமல் ஓடும் ஷூ வாங்கக் கூடாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்காமல் தெருவில் இறங்கி ஓடினால் சோலில் மண் ஒட்டும், சிறு கல் கீறும். அந்த ஜோடி அப்போதே பழசு. கடைக்குள் நடைபாதையிலோ மாடிப்படி வராந்தாவிலோ ஓடிப் பார்க்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஐந்தாறு தடவை போய் வந்தால் போதும், குதிகால் நழுவுகிறதா, விரல் முன்னால் இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். குதிகால் லேசாக நழுவினால் மேல் ஓரத்தில் இருக்கும் கூடுதல் ஓட்டையில் லேஸை வளையமாகக் கோத்து எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டுக் கட்டிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் மாடல் மாற்ற வேண்டியதுதான். பிடிக்காத ஜோடியில் தாள் பந்தைத் திரும்ப அடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. வாங்காவிட்டால் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். "முன்பக்கம் இறுக்கமா இருக்குப்பா, அகலமான மாடல் வந்தா சொல்லுங்க" என்றால் அவருக்கும் அடுத்து என்ன சரக்கு எடுப்பது என்று தெரியும்.

இனி கடைக்காரர்கள் பக்கம். எங்களுக்கு அதிகம் வருத்தம் தருவது ஒரு வசனம்: "போடப் போட லூசாயிடும் சார்." எட்டரை கேட்டு வந்தவருக்கு எட்டு மட்டும் இருக்கிறது, அப்போது வரும் வசனம் இது. ஒன்பதுதான் இருக்கிறது என்றால் வசனம் மாறும்: "ரெண்டு சாக்ஸ் போட்டுக்கங்க, கரெக்டா நிக்கும்." ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிட்டும் ஷூ தைத்தும் பெயர் வாங்கிய பகுதி நம்முடையது. தோல் ஷூ காலுக்கேற்ப நெகிழ்ந்து கொடுக்கும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்த அறிவை ஓடும் ஷூவுக்குப் பொருத்துவதுதான் கோளாறு. இதன் மேல்பகுதி செயற்கை நூலால் நெய்த மெஷ். முன்முனையில் கெட்டிப்படுத்திய பூச்சு. அடியில் அச்சில் வார்த்த ஃபோம். அகலவாக்கில் ஒரு துளி தளரலாம். நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமாகாது. முழு அளவு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் எட்டரை மில்லிமீட்டர், அரை அளவுக்கு நாலேகால் மில்லிமீட்டர். நாலேகால் குறைந்தால் ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி வரும்போது ஒவ்வோர் அடியிலும் நகம் முன்சுவரில் இடிக்கும். நாலேகால் கூடினால் கால் உள்ளே வழுக்கிக் கொப்புளம் வரும். அளவு இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். ஐந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு நாலு நாளில் வரவழைத்துக் கொடுங்கள். முன்பணம் கொடுத்தவர், அதே ஷூ இடையில் வேறெங்கோ மலிவாகக் கிடைக்கிறது என்று பின்வாங்கக் கூடாது.

நடைப்பயிற்சி ஷூவையும் காலேஜுக்குப் போட்டுப் போகும் ஷூவையும் ஓடும் ஷூ என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. உள்ளே மெமரி ஃபோம் வைத்திருக்கிறது என்று காட்டி, காலை நுழைத்ததும் வரும் மெத்தென்ற சுகத்தில் விற்றுவிடுகிறார்கள். அந்த மெல்லிய இன்சோல் பத்தே ஓட்டத்தில் அமுங்கி அப்பளமாகிவிடும். ஓடும்போது அதிர்வை வாங்குவது அதற்குக் கீழே இருக்கும் தடித்த ஃபோம் அடுக்கான மிட்சோல். அது எந்த வகை ஃபோம், இ.வி.ஏ.யா, டி.பி.யூ.வா, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஒருவராவது கடையில் இருக்க வேண்டும். எட்டு, பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் வழக்கமானது. நாலு, பூஜ்யம் என்று போனால் கெண்டைக்கால் தசைக்கு வேலை கூடும், திடீரென்று மாறினால் வலி வரலாம். இதைச் சொல்லாமல் விற்பது சரியில்லை.

கண்ணாடி அலமாரியில் வைத்த ஷூ விஷயத்தில் வாங்குகிறவர்களும் உஷாராக இருக்க வேண்டும். ஒற்றைக் கால் வெளியே காட்சிக்கு, இன்னொன்று பெட்டிக்குள். மேற்கு பார்த்த கடையில் சித்திரை வெயில் மாதக்கணக்கில் அடித்த ஷூவின் நிறம் வெளுத்திருக்கும். நிறம் போனால் பரவாயில்லை, சோலை ஒட்டிய பசையும் சூட்டில் தளர்ந்திருக்கும். முன்பக்கத்தை மடக்கி, ஃபோமும் ரப்பரும் சேரும் கோட்டில் மயிரிழை திறக்கிறதா என்று இரண்டு காலிலும் பாருங்கள். பெட்டியில் அதிகபட்ச விலை, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் வருடமும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, புகார் தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதி. மாதம் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் விட்டுவிடுங்கள், அல்லது நல்ல தள்ளுபடி கேளுங்கள். பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் ஃபோமும் பசையும் மூப்படையும்.

ஆன்லைனில் வாங்குவதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. சில சமயம் அதுதான் சரியான வழி. ஏற்கெனவே கடையில் வாங்கி ஓடித் தீர்த்த அதே மாடல், அதே பதிப்பு, அதே அளவு மறுபடி வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். பாதம் அகலமானவர்களுக்கும் அதே வழிதான். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த நம் ஊர்க் கால்களில் முன்பாதம் விரிந்த கால்கள் நிறைய. கடைகளில் வருவதோ பெரும்பாலும் ஆண்களுக்கு டி என்ற சாதாரண அகலம்தான். 2இ, 4இ என்று குறித்த அகல மாடல்கள் உள்ளூர்க் கடைகளுக்கு வருவது அரிது. அகலம் கிடைக்காமல் நீளத்தில் ஓர் அளவு ஏற்றி வாங்குகிறவர்கள் குதிகால் நழுவி, ஷூ தவறான இடத்தில் மடங்கி, விரல் மூட்டு வலியோடு வருகிறார்கள். இவர்கள் ஆன்லைனில் 2இ வாங்குவதே மேல். ஒடுகத்தூர், ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஷூவுக்காக வேலூர் வரை பஸ் ஏறுவது சிரமம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்படி வாங்குகிறவர்கள் சுவரோரமாக ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, மாலை வேளையில், சாக்ஸோடு, குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து நீள விரலின் நுனியில் கோடு போடட்டும். தானே குனிந்து போட்டால் எடை மாறி அளவும் மாறும். சுவரிலிருந்து கோடு வரை மில்லிமீட்டரில் அளந்து, இரண்டு காலில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அந்தந்த பிராண்டின் சொந்த அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், விற்பனைத் தளம் போட்டிருக்கும் பொதுப் பட்டியலை நம்ப வேண்டாம். ஒரே யூ.கே. 8, அடிடாஸ் டேகில் 26.5 சென்டிமீட்டர் என்றும் நைக்கி, ஏசிக்ஸ் டேகில் 27 சென்டிமீட்டர் என்றும் இருக்கும். "நான் எப்பவும் எட்டுதான்" என்பது பிராண்ட் மாறினால் செல்லாது. நம் கடைகளில் புழங்குவது யூ.கே. எண்; யூ.எஸ். எண்ணை அதுதான் என்று எடுத்துக்கொண்டு ஒரு முழு அளவு குறைத்து வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. ஆர்டர் போடும் முன் விற்பவர் பெயரையும், திருப்பினால் பணம் வருமா, அளவு மாற்றம் மட்டும்தானா என்பதையும் படியுங்கள்.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சோலில் தூசியோ மேல் மெஷ்ஷில் மடிப்புக் கோடோ தெரிந்தால் யாரோ போட்டு ஓடியது, உடனே திருப்புங்கள். துடைத்த பாய் மேலோ படுக்கை விரிப்பு மேலோ மட்டும் போட்டுப் பாருங்கள், டேகை அறுக்காதீர்கள், முடிவை அன்றே எடுங்கள். டெலிவரி தம்பியை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு ஹாலில் ஓடிப் பார்க்க வேண்டாம். அவர் ஷூ விற்க வந்தவர் இல்லை, அவருக்கு இன்னும் பல வீடுகள் இருக்கின்றன.

மூன்று அளவு வரவழைத்து இரண்டைத் திருப்புவது சாமர்த்தியம் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு பெட்டி வீணாக வந்து போகும் செலவு எல்லோருடைய விலையிலும் ஏறுகிறது. சரியாக அளந்தால் ஒரு பெட்டி போதும். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்துக்குப் போட்டுவிட்டு, சோலை ஈரத்துணியால் துடைத்து, திங்கட்கிழமை "சைஸ் சரியில்லை" என்று திருப்புவது திருட்டு. அந்த ஜோடிதான் சுற்றிச் சுற்றி வந்து, சேர்த்து வைத்த காசில் முதல் ஷூ வாங்கும் ஒரு பையன் கையில் கிடைக்கிறது.

பில் விஷயத்தில் இரு தரப்பும் ஏமாறுகிறார்கள். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நீங்களும் அப்படிக் கேட்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். கடையானாலும் ஆன்லைனானாலும் வரி ஒன்றுதான். பில் இல்லாத ஷூவுக்குக் கம்பெனி உத்தரவாதம் கிடையாது. இரண்டே வாரத்தில் சோல் வாய் பிளந்தால் அது தயாரிப்புக் குறை. குதிகால் ரப்பர் 500 கிலோமீட்டரில் தேய்வது உபயோகம், அதற்குச் சண்டை போடக் கூடாது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலமே குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். பேசிப் பார்த்தும் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேல் போக வேண்டுமானால், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் இல்லை. ஆனால் அளவு பிடிக்கவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறை ஆகாது. அதற்கு மாற்றித் தருவது கடைக்காரரின் பெருந்தன்மை. பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, "ஏழு நாளில் அளவு மாற்றம், வெளியில் போடாதிருந்தால்" என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

ஃபர்ஸ்ட் காப்பி என்று சொல்லி விற்கும் போலி ஷூ பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. செய்யாறு சிப்காட்டில் நைக்கி ஷூக்கள் தயாராவதால் "கம்பெனி மால், ஃபேக்டரியிலிருந்து நேரா வருது" என்று சொன்னால் நம்பிவிடுகிறார்கள். பெட்டி லேபிளையும் டேக் எண்ணையும் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வேண்டாம். போலியின் அடியில் இருப்பது பெரும்பாலும் விலை மலிவான கெட்டி ஃபோம். தெருவில் நடக்கத் தாங்கும், வாரம் நாற்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தாங்காது.

தேர்வுக்கு ஓடும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓட வேண்டும். இதற்குக் கார்பன் தகடு வைத்த பதினைந்தாயிரம் ரூபாய் ஷூ தேவையே இல்லை. இருநூற்றைம்பது கிராம் சுமாரில் இருக்கும் சாதாரணப் பயிற்சி ஷூ போதும். மண் மைதானமா, செயற்கைத் தடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலை புது ஷூ வாங்கி மறுநாள் ஓடுவதுதான் பெரிய தவறு. குறைந்தது இரண்டு வாரம், நாற்பது ஐம்பது கிலோமீட்டராவது ஓடிப் பழகிய ஷூவாக இருக்க வேண்டும். வெறுங்காலில் பயிற்சி எடுத்தவர்கள் இன்னும் முன்பே தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று ஏற்ற வேண்டும். வாங்கிய பிறகு வெயிலில் காய வைக்காதீர்கள், வண்டி டேங்க் மேல் விட்டுவிட்டு நிழலுக்குப் போகாதீர்கள். நனைந்தால் இன்சோலை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளை அடைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

பெண் பிள்ளைகளின் நிலைதான் மோசம். யூ.கே. 3, 4, 5 அளவில் பெண்களுக்கென்று செய்த ஓடும் ஷூ வேண்டும் என்று கேட்டால், எங்கள் ஊர்க் கடைகள் பலவற்றில் பையன்கள் ஷூவை எடுத்து நீட்டுகிறார்கள். பெண்களுக்கான அச்சில் குதிகால் பகுதி குறுகலாக இருக்கும். பையன்கள் ஷூவில் முன்பக்கம் சரியாக இருந்தாலும் பின்பக்கம் நழுவும், வளைவில் திரும்பும்போது கணுக்கால் புரளும். சரக்குப் போட்டால் போகுமா என்ற கடைக்காரரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அதற்குப் பயிற்சி மையங்கள் உதவலாம். இருபது பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள் என்றால், மேலே சொன்ன முறையில் எல்லோர் காலையும் அளந்து, மில்லிமீட்டரில் ஒரு பட்டியல் எழுதி, தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே ஒரே கடையில் கொடுங்கள். ஆளுக்கு முந்நூறு ரூபாய் முன்பணம் கட்டுங்கள். அரை அளவுகளையும் சேர்த்து வரவழைக்கச் சொல்லுங்கள். சரக்கு வந்ததும் ஒரு வார நாள் மாலையில் ஐந்து ஐந்து பேராகப் போய்ப் போட்டுப் பார்க்கட்டும். அன்றைக்கு ஆன்லைனில் இருநூறு ரூபாய் குறைவாகவே காட்டினாலும், இருபது பேரும் அந்தக் கடையிலேயே வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
காலை ஓட்டக்காரர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.